க்ஷயரோகக் கிருமியும் கடைக்காரர் கடமையும்



பேரேட்டில் எழுதிய கடனைப் பற்றி வியாபாரி அவ்வளவாகப் பயப்படுவதில்லை. இன்றில்லாவிட்டால் நாளை கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எழுதாமல் விட்ட கடன்தான் கடையைக் கவிழ்க்கும். நோய்களிலும் அப்படிப்பட்ட ஒன்று இருக்கிறது. வெளியே சொல்லிவிட்டால் ஆறு மாதத்தில் தீர்த்துவிடலாம். ஒளித்து வைத்தாலோ, அது உடையவனையும் கெடுத்து அடுத்தவனையும் கெடுக்கும். அதுவே க்ஷயரோகம். காசநோய், எலும்புருக்கி, டி.பி. என்பனவும் அதன் பெயர்களே. மலாய்க்காரர் அதைப் 'பாத்தோக் கெரிங்' என்பர்.

நாம் வைத்தியர் அல்லர். மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பாடசாலையோடு படிப்பை முடித்துக்கொண்டு, கெலாங் பாத்தாவில் மளிகைக் கடை நடத்தி வருகிறோம். எனினும் இந்நோய் நம் கடைக்குள்ளேயே வந்து போனபடியால், அதைக் குறித்துக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை நம் வியாபாரிச் சகோதரர்களுக்குச் சொல்லுவது கடமை என்று கருதி எழுதத் துணிந்தோம்.

நோய்க்கு வழி உண்டு

தொற்று நோய்கள் எல்லாம் ஒரே விதமாகத் தொற்றுவன அல்ல. ஒவ்வொன்றையும் உண்டாக்கும் உயிர் வேறு. அது மனிதனிடம் வந்து சேரும் வழியும் வேறு.

காலராவை உண்டாக்குவது பாக்டீரியா என்னும் நுண்ணுயிர். அது அசுத்தமான நீரின் வழியாகவும் உணவின் வழியாகவும் வருகிறது. அதில் 'எல் டோர்' என்று ஒரு வகை உண்டு. ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் பயணிகளைத் தங்கவைத்துச் சோதித்த ஸினாய் நாட்டு முகாமின் பெயர் அது. 1905ஆம் ஆண்டில் அங்கேதான் அவ்வகையை முதலில் கண்டுபிடித்தார்கள். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தின் மூலம் வரும் காய்ச்சலுக்கும் பாக்டீரியாவே காரணம். கிட்டங்கி வைத்திருப்போர் இதனை மறந்துவிடலாகாது.

டெங்கியை உண்டாக்குவது வைரஸ். அது பாக்டீரியாவைவிட மிகச் சிறியது. கொசுவின் முதுகில் சவாரி செய்து வருவது. மலேரியாவும் கொசுவால் வருவதுதான். ஆனால் அதன் கிருமி ஒற்றைச் செல்லால் ஆகிய ஒரு பிராணி. இன்று மலேசியாவில் காணப்படும் மலேரியா பெரும்பாலும் காட்டுக் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வருவதாகும். படர்தாமரை காளான் இனத்தால் வருவது. குடலில் வாழும் புழுக்கள் வேறு ஓர் இனம்.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் வழியைத் தெரிந்துகொண்டால் அந்த வழியை அடைக்கலாம். நீரைக் கொதிக்க வைக்கலாம், தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடலாம், எலிப்பொறி வைக்கலாம். ஆனால் க்ஷயரோகக் கிருமி வரும் வழி காற்று. கதவைச் சாத்தினால் மற்ற நோய்கள் வெளியே நிற்கும். இதுவோ கதவைச் சாத்தினால்தான் உள்ளே பெருகும். ஆகவே இதன் தன்மையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

மெழுகுச் சட்டை அணிந்த கிருமி

இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் நோய் என்ற எண்ணம் பழையது. ஹகீம் இப்னு ஸீனா ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய 'அல்-கானூன்' என்னும் வைத்திய நூலில், அரபியில் 'ஸில்' எனப்படும் இந்நோயைத் தொற்றும் நோய்களின் வரிசையில் சேர்த்திருக்கிறார். எனினும் தொற்றுவது எது என்பதை யாரும் கண்ணால் கண்டதில்லை. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், ஜெர்மானிய டாக்டர் ராபர்ட் கோக் பெர்லின் நகரில் வைத்தியர்கள் கூடிய சபையிலே அதனைக் காட்டினார். உலகக் காசநோய் நாள் என்று ஆண்டுதோறும் மார்ச் 24ஐ அனுசரிப்பது அதன் காரணமாகவே.

அந்தக் கிருமிக்கு மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ் என்று பெயர். சிறு கோல் போன்ற வடிவம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் இரண்டு, மூன்று பங்கு நீளமே இருக்கும். அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. அவ்விரண்டையும் தெரிந்துகொண்டால் நோயின் போக்கு முழுவதும் விளங்கிவிடும்.

முதலாவது, அதன் மேல்தோல் மெழுகு போன்றது. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சிவப்புச் சாயம் ஏற்றி, பிறகு அமிலம் ஊற்றிக் கழுவினாலும் மற்றக் கிருமிகளின் சாயம் போய்விடும்; இதன் சாயம் போகாது. மெழுகுத் துணியில் மழை ஒட்டாததைப் போல, நம் உடம்பின் காவற்படையும் பல மருந்துகளும் எளிதில் இதனுள் புகுவதில்லை.

இரண்டாவது, இது மிக மெதுவாகப் பெருகும். சாதாரணக் குடல் பாக்டீரியா இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும். க்ஷயரோகக் கிருமி ஒன்று இரண்டாக 15 முதல் 20 மணி நேரம் ஆகும். அதனால்தான் காலரா ஒரே இரவில் ஆளைச் சாய்க்க, க்ஷயம் மாதக் கணக்கில் அரிக்கிறது. அதனால்தான் மருந்தும் மாதக் கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கிறது. மெதுவாக வருகிறபடியால் மனிதன் அதைக் கண்டு திடுக்கிடுவதில்லை. 'சளிதானே, போய்விடும்' என்று இருந்துவிடுகிறான்.

உறங்கும் கிருமி

நோயுள்ளவர் இருமும்போதும், தும்மும்போதும், உரத்துப் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் வெளிப்படுகின்றன. அவற்றில் மிகச் சிறியவை தரையில் விழாமல் மணிக்கணக்கில் காற்றிலேயே மிதக்கும். அடைத்த அறையில் அந்தக் காற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரலுக்குள் கிருமி போய்ச் சேருகிறது. 2020இல் கொரோனா வந்து, அவ்வாண்டு மார்ச் 18 முதல் நாட்டை அடைத்து, நம் ஊரின் இரண்டாம் பாலமும் வெறிச்சோடிக் கிடந்த நாட்களில், மூச்சுக் காற்றின் வழியாக நோய் வருவது எப்படி என்பதை நாம் அனைவரும் படித்துக்கொண்டோம். அதே பாடம் இதற்கும் பொருந்தும்.

அந்தக் கிருமி தட்டிலோ, கிண்ணத்திலோ, உடுப்பிலோ, கைகொடுத்து ஸலாம் சொல்வதிலோ தொற்றுவதில்லை. இதை நம் சகோதரர்கள் நன்றாக மனதில் வைக்க வேண்டும். பிறகு நம் கடைச் செய்தியைச் சொல்லும்போது இது ஏன் என்று விளங்கும்.

கிருமி உள்ளே போனவர் எல்லோரும் நோயாளி ஆவதில்லை. உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினரின் உடம்பில் இக்கிருமி புகுந்திருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உடம்பின் காவல் அதனைச் சுற்றிச் சுவர் எழுப்பி உறங்க வைத்துவிடுகிறது. அப்படி உறங்கும் கிருமியால் பிறருக்குத் தொற்றாது. அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் என்றாவது அது விழித்துக்கொள்ளும். காவல் தளர்ந்த உடம்பில் விழிப்பது அதிகம். போதிய உணவில்லாதவர், சிகரெட் குடிப்பவர், எச்.ஐ.வி. உள்ளவர், இனிப்பு நீர் வியாதி உள்ளவர் ஆகியோர் அவ்வகையினர். இனிப்பு நீர் உள்ளவருக்கு க்ஷயம் வரும் வாய்ப்பு மற்றவரைப்போல் இரண்டு, மூன்று மடங்காகும். 2023இல் எடுத்த சுகாதாரக் கணக்கின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்து தே தாரேக் குடிக்கும் நம் கூட்டத்தாரில் அது எத்தனை பேருக்கு என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

நம் கடையில் நடந்தது

2016ஆம் ஆண்டில் நம் கடையில் பேராக்கைச் சேர்ந்த ஒரு தம்பி வேலை செய்தான். வயது இருபத்து மூன்று. தகப்பனார் மௌத்தாகிவிட்டார். தங்கைக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். செலவுக்கு இவன் சம்பளமே ஆதாரம். கடையின் மாடியறையில் வேறு மூன்று சிப்பந்திகளோடு தூங்குவான். திருட்டுப் பயத்தாலும் ஏர்கண்டிஷன் போடுவதாலும் அந்த அறையின் ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருந்தோம்.

ரஜப் மாதத்தில் அவனுக்கு இருமல் கண்டது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக விடியற்காலை நாலரை மணிக்கே கடையைத் திறப்பது நம் வழக்கம். பனியில் எழுந்திருப்பதால் வந்த சளி என்று நினைத்தோம். கடை அலமாரியிலிருந்த இருமல் மருந்தை நாமே எடுத்துக் கொடுத்தோம். ஒரு புட்டி தீர்ந்ததும் இன்னொரு புட்டி. ரமலானில் தராவீஹுக்கு நின்றால் இருமல் தாங்காமல் பின்வரிசைக்குப் போய்விடுவான். இடுப்பு வாரில் புதிதாக இரண்டு துளைகள் போட்டிருந்ததைப் பார்த்தோம். நோன்பில் இளைத்தான் என்று எண்ணினோம். "டாக்டரிடம் போகிறாயா?" என்று ஒரு தடவை கேட்டோம். "வேண்டாம் முதலாளி, சரியாகிவிடும்" என்றான். நமக்கும் பெருநாள் வியாபாரத்தில் ஆள் தேவையாயிருந்தது. அதற்குமேல் நாம் கேட்கவில்லை.

ஷவ்வாலில் ஒரு நாள் அரிசி மூட்டையை இறக்கும்போது இருமினான். கையிலிருந்த துணி சிவந்துவிட்டது. அன்றுதான் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். சளியைச் சோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். க்ஷயம் என்றார்கள்.

இனி நாம் எழுதப் போவது நமக்கு வெட்கமான விஷயம். மறைப்பதைப் பற்றி எழுதும் கட்டுரையில் இதை மறைப்பது முறையல்ல. அன்று மாலையே அவன் தட்டையும் கிண்ணத்தையும் தனியாக எடுத்து வைக்கச் சொன்னோம். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள் தம்பி" என்று இரண்டு மாதச் சம்பளத்தையும் எடுத்து வைத்தோம். தர்மம் செய்ததாகவே நமக்கு எண்ணம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. "தங்கை மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் சொல்லாதீர்கள் முதலாளி" என்றான்.

மறு நாள், கூட இருந்தவர்களெல்லாம் சோதனைக்கு வர வேண்டும் என்று கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள். அங்கிருந்த தமிழ் மிஸ்ஸி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணே, மருந்து குடிக்க ஆரம்பித்த பிள்ளையைக் கண்டு பயப்படுகிறீர்கள். நீங்கள் இருமல் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தீர்களே, அந்த நாலு மாதம்தான் பயப்பட வேண்டிய மாதம்" என்றார்.

அந்தச் சொல் சரிதான் என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது. மாடியறையில் இருந்த மூவரில் ஒருவனுக்கு நோய் ஆரம்பமாகியிருந்தது. நம் உம்மாவுக்கு அப்போது எழுபது வயது. இனிப்பு நீர் உண்டு. கடையின் பின்கட்டில் அந்தத் தம்பியைத் தினமும் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். உம்மாவும் சில நாட்களாக இருமிக்கொண்டிருந்தார்கள். வயதானவர்கள் இருமத்தானே செய்வார்கள் என்று விட்டிருந்தோம். அவர்களுக்கும் நோய் இருந்தது. நாலு வயதான நம் பெண் குழந்தைக்கு நோய் இல்லை. ஆனால் கிருமி புகுந்திருந்தபடியால், விழிக்காமல் இருக்க அவளுக்கும் பல மாதம் மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

சென்னை சொன்ன பாடம்

அந்த மிஸ்ஸி சொன்னது அவருடைய சொந்த அபிப்பிராயம் அல்ல. நம் தமிழ்நாட்டிலேயே சோதித்து உலகுக்கு நிரூபித்த உண்மை அது.

முன்பு இந்நோய்க்கு மருந்து இல்லை. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு என்று சானடோரியத்தில் படுக்க வைப்பார்கள். சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் அப்படி ஒன்று ஏற்பட்டு, ரயில் நிலையத்துக்கே 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர் வந்தது. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952இல் ஐசோனியஸிட் வந்தது. மருந்து வந்துவிட்டது, ஆனால் இந்தியாவில் லட்சக் கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே?

1956இல் சென்னை சேத்துப்பட்டில், இந்திய வைத்திய ஆராய்ச்சிக் குழுவும் சென்னை அரசாங்கமும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்பவர் முன்னின்று நடத்தினார். நகரத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளை எடுத்து, சீட்டுப் போட்டதைப்போல் இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் ஓராண்டு சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தது. மற்றக் கூட்டம் நெருக்கமான தங்கள் சிறு வீடுகளிலேயே, கிடைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு இருந்தது. மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்றே.

1959இல் முடிவு வெளிவந்தது. இரு கூட்டத்தாருக்கும் ஏறக்குறைய ஒரே விதமான குணம். அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த மனைவி மக்களுக்குப் புதிதாக நோய் கண்ட கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்தார்கள். சானடோரியத்துக்குப் போனவர் வீட்டைவிட, மருந்து குடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர் வீட்டில் அது அதிகமாகவில்லை. தொற்ற வேண்டியவருக்கெல்லாம் சிகிச்சை தொடங்குவதற்கு முன்னேயே தொற்றியிருந்தது.

இந்த ஒன்றை நாம் விளங்கிக்கொண்டால் போதும். ஆபத்து மருந்து குடிக்கும் நோயாளியிடம் இல்லை. பெயர் தெரியாத இருமலிடமே இருக்கிறது. சிகிச்சை இல்லாத ஒருவர் ஓராண்டில் தம்மோடு நெருங்கிப் பழகும் 5 முதல் 15 பேருக்குக் கிருமியைக் கொடுத்துவிடக் கூடும். சிகிச்சை தொடங்கினால், மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாயின், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தொற்றும் சக்தி மிகவும் குறைந்துவிடும்.

அப்படியிருக்க, மனிதர் ஏன் ஒளிக்கிறார்கள்? ஒளித்தவர்கள் சாதாரண மனிதர் மட்டும் அல்லர். காயிதே ஆஜம் முகம்மது அலி ஜின்னாவுக்கு இந்நோய் இருந்ததைப் பம்பாயிலிருந்த அவருடைய டாக்டரும் மிகச் சிலருமே அறிந்திருந்தனர். 1948 செப்டம்பரில் அவர் காலமான பின்னரே உலகம் தெரிந்துகொண்டது. அதே 1948இல் எழுத்தாளர் புதுமைப்பித்தனும் இந்நோயாலேயே மாண்டார். அக்காலத்தில் மருந்து அருமை. சொல்லியும் பெரிய பயன் இல்லை. இன்று மருந்து இருக்கிறது. நோயை ஒளிக்கும் வழக்கம் மட்டும் அன்றுபோலவே இருக்கிறது. வேலை போய்விடும், சம்பந்தம் முறிந்துவிடும், பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள் என்ற பயமே காரணம். அந்தப் பயத்தை உண்டாக்குபவர்கள் நாமே.

ஆறு மாத மருந்து

இன்று சாதாரண க்ஷயத்துக்குச் சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ஐசோனியஸிட், ரிபாம்பிசின், பைரஸினமைடு, எதம்பியூடால் என்ற நான்கு மருந்துகள். பிறகு நாலு மாதம் முதல் இரண்டு மட்டும். ஒழுங்காகச் சாப்பிட்டால் நூற்றுக்கு 85க்கு மேற்பட்டவர் குணமடைகிறார்கள். சாப்பிடாமல் விட்டால் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்துபோவார்கள்.

இதில் இரண்டு இடங்களில் ஆள் தவறுவதுண்டு. ரிபாம்பிசின் சாப்பிட்டதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். இரத்தம் போகிறதென்று பயந்து மருந்தை நிறுத்துவோர் உண்டு. அது மருந்தின் சாயமே, பயம் வேண்டாம். ஆனால் கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, பார்வை மங்குவது ஆகியவை கண்டால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மற்றொன்று, ஒரு மாதத்தில் இருமல் நின்று, பசி வந்து, உடம்பு தேறிவிடும். 'குணமாகிவிட்டதே, இனி எதற்கு?' என்று தோன்றும். மெழுகுச் சட்டைக்காரன் அப்போது பதுங்கியிருக்கிறானே தவிரப் போய்விடவில்லை. பாதியில் விட்டால், எஞ்சிய கிருமிகளில் மருந்துக்குப் பழகியவை பெருகி, பிறகு அந்த மருந்துக்கே கட்டுப்படாத க்ஷயமாகத் திரும்பும். அதன் சிகிச்சை கடினமானது. அது பிறருக்குத் தொற்றினால் அவர்களுக்கும் அதே கடின நோய்தான்.

ஆகவேதான் மருந்தை ஒருவர் முன்னிலையில் விழுங்க வைக்கும் முறை வந்தது. அதுவும் சென்னையில் நடந்த ஆராய்ச்சிகளால் வலுப்பெற்ற முறையே. நோன்பு மாதமாயினும் மருந்து தவறலாகாது. நேரத்தை மாற்றிக்கொள்வதையும் நோன்பு பிடிக்கலாமா என்பதையும் டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டுச் சிப்பந்திகள் விஷயம்

இராமநாதபுரம், தஞ்சைப் பக்கங்களிலிருந்து வரும் பிள்ளைகளை வைத்துத்தான் நம்மில் பலர் கடை நடத்துகிறோம். அவர்களுடைய பயம் வீண் பயம் என்று நாம் சொல்லமாட்டோம். வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவச் சோதனையில் க்ஷயம் என்று கண்டால் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். வேலை அனுமதி போய்விடும். வட்டிக்கு வாங்கிய பணத்தில் வந்த பிள்ளை எப்படி வாய் திறப்பான்?

இந்தச் சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் முதலாளியின் கையில் சில காரியங்கள் உண்டு. தொற்றும் நிலையில் இருக்கும் பிள்ளையை அவசர அவசரமாக விமானத்தில் ஏற்றிவிடலாகாது. அவனுக்கும் பாவம், பக்கத்தில் உட்காருபவருக்கும் பாவம். இங்கேயே டாக்டரிடம் காட்டி மருந்து தொடங்கி, அவர் பயணம் செய்யலாம் என்ற பிறகே அனுப்ப வேண்டும். என்ன மருந்து, எத்தனை நாள் சாப்பிட்டான் என்ற காகிதத்தை எழுதி வாங்கிக் கையில் கொடுக்க வேண்டும். ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரியில் அதைக் காட்டினால் மருந்தை இலவசமாகத் தொடரலாம். இந்திய அரசாங்கம் 2018 முதல் க்ஷயரோகிகளுக்கு உணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அதை 1,000 ஆக்கியிருக்கிறது. இவையெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். குணமடைந்த பிறகு மறுபடியும் விண்ணப்பிக்க இயலுமானால் அவனையே அழைப்பேன் என்று முதலாளி ஒரு வாக்குக் கொடுத்தால், மற்றச் சிப்பந்திகளும் இருமலை ஒளிக்கமாட்டார்கள்.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைக் கட்டாயமாகக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் இளைப்பு, சளியில் இரத்தம் ஆகியவையும் குறிகள்.

2. இருமல் மருந்தை மேன்மேலும் கொடுத்துக்கொண்டிராதீர்கள். சொந்தச் சிப்பந்திக்கு மட்டும் அல்ல, வாரா வாரம் வந்து வாங்கும் வாடிக்கைக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வியாபாரத்தில் வரும் நாலு வெள்ளி நமக்கு வேண்டாம்.

3. மாடியறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். திருட்டுப் பயமானால் கம்பி போடுங்கள். வெயிலும் காற்றும் இக்கிருமியின் பகைவர்கள். ஒரே அறையில் அளவுக்கு மீறி ஆட்களைப் படுக்க வைக்காதீர்கள்.

4. இருமும்போதும் தும்மும்போதும் வாயை மூடச் சொல்லுங்கள். நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தும்மும்போது கையாலோ ஆடையாலோ முகத்தை மூடிக்கொண்டார்கள் என்று நாம் மதரஸாவில் ஓதியிருக்கிறோம்.

5. வீட்டில் பிறக்கும் குழந்தைக்குப் பி.சி.ஜி. ஊசியைத் தவறவிடாதீர்கள். அது சிறு குழந்தைகளை மூளைக்கு ஏறும் கொடிய க்ஷயத்திலிருந்து காக்கிறது. ஆனால் பெரியவர்களுக்கு அதையே நம்பியிருக்க முடியாது.

6. ஒருவருக்கு நோய் கண்டால், கூட இருந்தவர் அனைவரும் சோதனைக்குப் போங்கள். குழந்தைகளையும் இனிப்பு நீர் உள்ளவர்களையும் முதலில் அனுப்புங்கள்.

7. நோயாளியை விலக்காதீர்கள். டாக்டர் சொன்ன நாட்கள் அவர் தனித்து ஓய்வாக இருக்கட்டும். பிறகு உங்கள் பக்கத்திலேயே உட்காரவைத்துச் சோறு போடுங்கள்.

முடிவாக

மலாயாவில் 1940களிலும் 50களிலும் மனிதரைக் கொன்ற நோய்களில் க்ஷயம் முதல் வரிசையில் இருந்தது. 1961இல் அரசாங்கம் நாடு முழுவதற்கும் க்ஷய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபின் சாவு வெகுவாகக் குறைந்தது. எனினும் நோய் போய்விடவில்லை. அண்மை ஆண்டுகளில் மலேசியாவில் ஆண்டுக்கு 25,000க்கு மேற்பட்டவருக்கு இது காண்கிறது. உலகமெங்கும் 2023ஆம் ஆண்டில் மட்டும் 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் இதனால் இறந்தார்கள். மருந்துள்ள நோயில் இத்தனை சாவு என்பது, பலருக்கு நோய் தெரியவருவதே தாமதமாகிறது என்பதையும் காட்டுகிறது.

நம் கடைத் தம்பியை நாம் ஊருக்கு அனுப்பவில்லை. எடுத்து வைத்த சம்பளத்தைக் கையில் கொடுத்து, இரண்டு வாரம் தனியறையில் இருந்து ஓய்வெடுக்கச் சொன்னோம். பிறகு தினமும் காலையில் கல்லா முன் நின்று மருந்து விழுங்குவான். நாம் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு இழுப்போம். உம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து தம் மருந்தை விழுங்குவார்கள். அவர்களுக்கும் ஒரு கோடு. ஆறு மாதம் அப்படியே போயிற்று. அல்ஹம்துலில்லாஹ், இருவரும் குணமடைந்தார்கள். மற்றச் சிப்பந்தியும் குணமடைந்தான். தங்கையின் நிக்காஹ்வும் குறித்தபடி நடந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தம்பியே விஷயத்தைச் சொன்னான். அவர்கள் மறுக்கவில்லை.

உம்மாவுக்கு நோய் வந்தது நாம் கேளாமல் விட்ட ஒரு கேள்வியால் என்பதை மட்டும் நாம் மறப்பதற்கில்லை. "வேண்டாம் முதலாளி" என்று அவன் சொன்னபோது, "இல்லை, வா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்க வேண்டும்.

சகோதரர்களே, இன்றிரவு கல்லாவைக் கட்டிக் கதவைச் சாத்தும் முன்பு, உங்கள் கடையில் யார் இருமுகிறார் என்று ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். எத்தனை நாளாக என்று விசாரியுங்கள். வேலை போகாது என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கேளுங்கள்; அப்போதுதான் உண்மை வரும்.

நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கிறான். அதைத் தேடிக்கொள்ளும் புத்தியையும், நோயுற்றவரை அரவணைக்கும் மனதையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.